காதுக்கு மூடி இல்லை

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் ஆகிய ஐந்தும் நம் ஐம்புலன்கள். உலகத்தில் நடப்பதை இவைதான் நமக்குச் சொல்கின்றன. இவை தரும் செய்தியை நரம்புகள் மூளைக்குக் கொண்டு செல்கின்றன.

கால் வலித்தால் உட்காருகிறோம். கண்ணும் காதும் களைத்தால் என்ன செய்கிறோம்?

மகாராஷ்டிர மாநிலத்தில், மும்பைக்குப் பக்கத்தில் பிவண்டி என்ற ஊர் உள்ளது. விசைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர். உத்தரப் பிரதேசம், பீகார், தெலங்கானா எனப் பல மாநிலத்தவர் அங்கே தறி ஓட்டுகிறார்கள். பலருக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலை. தறிகள் தடதடவென்று ஓடும். பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது.

ஒலியை டெசிபல் என்ற அளவால் அளப்பார்கள். இருவர் சாதாரணமாகப் பேசினால் சுமார் 60 டெசிபல். விசைத்தறிக் கூடங்களில் ஒலி 90 டெசிபலைத் தாண்டுவதுண்டு.

இந்தச் சத்தம் உடலை என்ன செய்யும்?

திடீரென்று பாம்பைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கும். மூச்சு வேகமாகும். ஓடுவதற்கு நரம்புகள் உடலைத் தயார் செய்கின்றன. ஆபத்து போனதும் வேறு சில நரம்புகள் உடலை அமைதிப்படுத்தும். பெரிய சத்தமும் உடலை இப்படித்தான் உசுப்புகிறது. சத்தம் ஓயாவிட்டால் உடல் அமைதி அடைவது எப்படி? தூக்கம் கெடும். சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும். பிள்ளைகள் மேல் எரிந்து விழுவோம். நாளடைவில் இரத்தக் கொதிப்பும் வரலாம்.

கண்ணுக்கு இமை உண்டு. காதுக்கு மூடி இல்லை. நாம் தூங்கும்போதும் காது கேட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே காதுக்கு நாம்தான் ஓய்வு தேடித் தர வேண்டும்.

வேலை முடிந்து வந்ததும் பலர் தொலைக்காட்சி முன்னால் உட்காருகிறார்கள். அல்லது கைப்பேசியைப் பார்க்கிறார்கள். அப்போது கை காலுக்கு ஓய்வு கிடைக்கும். கண்ணுக்கும் காதுக்கும் கிடைக்காது.

தினமும் 10 நிமிடம் இப்படிச் செய்யலாம்:

1. தொலைக்காட்சி, வானொலி, கைப்பேசியை நிறுத்துங்கள்.

2. சத்தம் குறைந்த இடத்தில் வசதியாக உட்காருங்கள். கோயில் மண்டபம், மசூதி, மரத்தடி எதுவும் ஆகலாம்.

3. கண்களை மூடுங்கள். தோளையும் தாடையையும் தளர விடுங்கள்.

4. மூக்கால் மெதுவாக மூச்சை இழுங்கள். அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். மூச்சை மெதுவாக விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும். உடல் தணியும்.

மனம் அலைந்தால் கவலை வேண்டாம். மறுபடி மூச்சைக் கவனித்தால் போதும்.

இந்த ஓய்வு நரம்புகளைத் தணிக்கும். ஆனால் காதைக் காக்காது. தறிக்கூடத்தில் வேலை செய்வோர் காதில் செருகும் அடைப்பானைக் கேட்டு வாங்கி அணிய வேண்டும். வெறும் பஞ்சு போதாது. இரைச்சலால் நிரந்தரமாகப் போன கேட்கும் சக்தி திரும்ப வராது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. சில விழா நாட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இரவு அமைதியைக் கேட்பது நமது உரிமை.

தூக்கமின்மையும் படபடப்பும் நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். 14416 என்ற எண்ணில் இலவசமாக மனநல ஆலோசனையும் கிடைக்கும்.

பகலெல்லாம் ஓடும் தறியையே அவ்வப்போது நிறுத்தி எண்ணெய் போடுகிறோம். நம் நரம்புகளுக்கு 10 நிமிடம் தர வேண்டாமா?