'டிஸ்கனெக்ட்' செய்த பிறகும் கிரிப்டோ வாலட் காலியாவது எப்படி?

மெட்டாமாஸ்க் போன்ற ஒரு வாலட்டை ஏதோ ஒரு செயலியோடு இணைத்தீர்கள். வேலை முடிந்ததும் 'டிஸ்கனெக்ட்' அழுத்தினீர்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் டோக்கன்களைக் காணோம். வாலட்டை மீட்கும் ரகசியச் சொற்களையும் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு எப்படி?

டோக்கன் உங்கள் போனில் இல்லை. யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு எத்தீரியம் பிளாக்செயினில் இருக்கிறது. வாலட்டில் இருப்பது கையெழுத்துப் போடும் சாவி மட்டும்.

டோக்கனை மாற்றித் தரும் செயலி, அதை உங்கள் கணக்கிலிருந்து எடுக்க வேண்டுமே? அதற்குத்தான் 'அப்ரூவ்' என்று அனுமதி கேட்கும். தொகை எழுதாத காசோலையில் கையெழுத்திட்டுக் கடைக்காரரிடம் கொடுப்பது மாதிரி. பல செயலிகள் வரம்பே இல்லாமல் கேட்கும்; அடுத்த முறை அனுமதிக்காக மறுபடி கட்டணம் கட்ட வேண்டாம் என்பது அவை சொல்லும் காரணம். சில ரூபாய் மிச்சத்துக்கு இது அதிக விலை என்பேன்.

டிஸ்கனெக்ட் செய்தால் நீங்கள் கடையைவிட்டு வெளியே வந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். காசோலை உள்ளேயே இருக்கிறது!

2021 டிசம்பரில் பேட்ஜர்டாவ் என்ற கிரிப்டோ தளத்தில் இப்படிப்பட்ட அனுமதியை வைத்துத்தான் திருட்டு நடந்தது. அதன் இணையப் பக்கத்தில் நிரலை நுழைத்த திருடர்கள், பயனர்களிடமே அனுமதி வாங்கிக்கொண்டார்கள். போனது சுமார் 12 கோடி டாலர்.

ஆகவே அப்ரூவ் திரையில் தொகையைத் தேவையான அளவுக்குக் குறையுங்கள். பழைய அனுமதிகளை ஈத்தர்ஸ்கேன் என்ற இணையதளத்தில் பார்த்து ரத்து செய்யலாம். சிறு கட்டணம் ஆகும். பெரிய தொகையை, எந்தச் செயலியோடும் இணைக்காத தனி வாலட்டில் வையுங்கள்.