கைலிக்குப் பெயர் தந்த ஊர்

நாம் உடுத்தும் 'பளையகாட்' கைலி, மலாய் மக்கள் 'பெலிக்காட்' என்றழைக்கும் அதே துணி, எவ்வூரின் பெயரைத் தாங்கியுள்ளது எனச் சிந்தித்ததுண்டா? காட்டுப்பள்ளிக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டின் பெயரையே!

விடுமுறை நாளொன்றில் மீஞ்சூர், பொன்னேரி வழியே குடும்பத்துடன் காலையிலேயே புறப்படுங்கள். துணி வாணிபத்துக்காக வந்த டச்சுக்காரரின் 1613-ஆம் ஆண்டுக் கோட்டை இன்று வெறும் புதர்மேடுதான், பிள்ளைகள் ஏமாந்துபோவர். எலும்புக்கூடுகள் செதுக்கிய வாயிலுடைய அவர்களது கல்லறைத் தோட்டத்தை முதலில் காட்டுங்கள். லுஹர் தொழுதபின், நம் பெண்மணிகள் முடையும் பனையோலைக் கூடைகளைப் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

ஏரியைக் கரையிலிருந்தே கண்டுகளியுங்கள். 2011 டிசம்பர் 25 அன்று அங்கு உல்லாசப் படகு கவிழ்ந்து 22 உயிர்கள் பறிபோயின. யார் அழைத்தாலும் பிள்ளைகளைப் படகில் ஏற்றாதீர்கள். இன்ஷா அல்லாஹ், மஃரிபுக்குள் வீடு திரும்பிவிடலாம்.