தாமஸ் எம். டிஷ்

தாமஸ் எம். டிஷ் (பிப்ரவரி 2, 1940 - ஜூலை 4, 2008) அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர், கவிஞர், விமர்சகர். 1960-களில் அறிவியல் புனைகதையில் உருவான புதிய அலை இயக்கத்தின் முக்கியப் படைப்பாளிகளில் ஒருவர். புனைவுகளைத் தாமஸ் எம். டிஷ் என்ற பெயரிலும் கவிதைகளை டாம் டிஷ் என்ற பெயரிலும் வெளியிட்டார். அறிவியல் புனைகதையின் குறைகளை அத்துறைக்குள் இருந்துகொண்டே கடுமையாக விமர்சித்தவர்.

பிறப்பு, தனிவாழ்க்கை

டிஷ் அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள டெ மாய்ன் நகரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். மின்னசோட்டா மாநிலத்தில் வளர்ந்தார். 1957-ல் நியூயார்க் சென்றார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, படிப்பை முடிக்காமல் வெளியேறினார். விளம்பர நிறுவனத்தில் வாசகங்கள் எழுதுவது உட்படப் பல வேலைகளைச் செய்தார். எழுத்தாளர் சார்ல்ஸ் நெய்லர் அவரது வாழ்க்கைத் துணைவர். இருவரும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தனர்; கதைத் தொகுப்புகளையும் சேர்ந்து தொகுத்தனர்.

சிறுகதைகள்

டிஷ்ஷின் முதல் சிறுகதை 1962-ல் ஃபென்டாஸ்டிக் இதழில் வெளியானது. 1964-ல் வெளிவந்த 'டிசென்டிங்' அவரது புகழ்பெற்ற கதைகளில் ஒன்று. கையில் பணமில்லாத ஒருவன் பெரிய கடையொன்றில் கடன் அட்டையைக் கொண்டு பொருட்களை வாங்கிக் குவிக்கிறான். திரும்பும்போது நகரும் படிக்கட்டில் புத்தகம் வாசித்தபடியே இறங்குகிறான். படிக்கட்டுகள் முடிவதே இல்லை. மேலே ஏற வழியும் இல்லை. விண்கலமோ வேற்றுலக உயிரோ இல்லாத இக்கதை கடன் வாழ்க்கையின் சரிவையே கனவுபோலக் காட்டுகிறது.

1970-ல் வெளியான 'தி ஏஷியன் ஷோர்' இஸ்தான்புல் நகரில் நிகழ்வது. அங்கு தங்கியிருக்கும் அமெரிக்கன் ஒருவனை முன்பின் அறியாத பெண்ணும் சிறுவனும் வேறொரு பெயரில் அழைக்கிறார்கள். அவன் மெல்ல மெல்ல அந்த வேற்று மனிதனாகவே மாறுகிறான்.

நாவல்கள்

முதல் நாவல் 'தி ஜெனோசைட்ஸ்' (1965). வேற்றுலகத்தவர் பூமி முழுவதையும் விளைநிலமாக்கிப் பெருஞ்செடிகளை வளர்க்கின்றனர். மனிதர்களைப் பயிர்ப்பூச்சிகளைப் போல அழிக்கின்றனர். மனிதன் இறுதியில் வெல்வான் என்ற வழக்கத்தை இந்நாவல் கைவிட்டது. எழுத்தாளரும் விமர்சகருமான அல்ஜிஸ் பட்ரிஸ் இதைக் கடுமையாக எதிர்த்தார்.

'கேம்ப் கான்சென்ட்ரேஷன்' மைக்கேல் மூர்காக் ஆசிரியராக இருந்த நியூ வேர்ல்ட்ஸ் இதழில் 1967-ல் தொடராக வெளிவந்தது. போருக்குச் செல்ல மறுத்துச் சிறைப்பட்ட ஒரு கவிஞனின் நாட்குறிப்பாக அமைந்தது. அங்கே கைதிகளுக்கு அறிவை வளர்க்கும், ஆனால் சில மாதங்களில் கொன்றுவிடும் நோய்க்கிருமி செலுத்தப்படுகிறது.

'334' (1972) ஒன்றோடொன்று தொடர்புடைய கதைகளால் ஆனது. நியூயார்க்கின் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் 2020-களில் வாழும் எளிய மனிதர்களைப் பற்றியது. குழந்தை பெறும் உரிமைக்கே தேர்வெழுத வேண்டிய சமூகம் அது. இந்நூலின் 'அங்குலேம்' என்ற ஒரு கதையை மட்டும் ஆராய்ந்து எழுத்தாளர் சாமுவேல் ஆர். டிலேனி 1978-ல் ஒரு முழு நூலை எழுதினார்.

கவிதை

டிஷ் சானெட் போன்ற மரபு வடிவங்களில் அங்கதம் கலந்த கவிதைகளை எழுதினார். அவரது கவிதை வாசகர்களும் புனைகதை வாசகர்களும் பெரும்பாலும் வெவ்வேறு வட்டங்களைச் சேர்ந்தவர்கள். இரு பெயர்கள் அந்த இடைவெளிக்கு அடையாளமாக அமைந்தன. 'யெஸ், லெட்ஸ்' (1989) அவரது தேர்ந்தெடுத்த கவிதைகளின் தொகுப்பு.

விமர்சனம்

டிஷ் தி நேஷன் இதழில் நாடக விமர்சகராக இருந்தார். கவிதை குறித்த கட்டுரைகள் 'தி காஸில் ஆஃப் இண்டோலன்ஸ்' (1995) என்ற நூலாயின.

1970-களில் லண்டனில் ஆற்றிய உரையில், அறிவியல் புனைகதை அடிப்படையில் குழந்தை இலக்கியத்தின் ஒரு கிளை என்று வாதிட்டார். உளவியல் நுட்பமோ வாழ்க்கைச் சிக்கலோ இன்றி, வலிமை பெறும் கனவை மட்டும் தரும் கதைகளையே அவர் குறிப்பிட்டார். வேற்றுலகத்தவர் தன்னைக் கடத்தியதாக விட்லி ஸ்ட்ரீபர் எழுதிய நூலை 1987-ல் தி நேஷனில் கேலியுடன் விமர்சித்தார். புனைவு உண்மை என்ற பெயரில் விற்கப்படுவதை அவர் ஏற்கவில்லை. அறிவியல் புனைகதை அமெரிக்க வாழ்க்கையில் ஏற்படுத்திய பாதிப்பை ஆராயும் 'தி ட்ரீம்ஸ் அவர் ஸ்டஃப் இஸ் மேட் ஆஃப்' (1998) நூலுக்கு 1999-ல் ஹியூகோ விருது கிடைத்தது.

இறப்பு

சார்ல்ஸ் நெய்லர் 2005-ல் மறைந்தார். அதன்பின் தனிமையிலும் மனச்சோர்விலும் வாழ்ந்த டிஷ், ஜூலை 4, 2008 அன்று நியூயார்க்கில் தற்கொலை செய்துகொண்டார்.

இலக்கிய இடம்

டிஷ் பரவலாக அறியப்படுவது 'தி பிரேவ் லிட்டில் டோஸ்டர்' (1980) என்ற குறுநாவலால். வீட்டுச் சாதனங்கள் தங்கள் எஜமானரைத் தேடிப் புறப்படும் இக்கதை 1987-ல் அசைவூட்டத் திரைப்படமானது. அறிவியல் புனைகதை குழந்தைத்தனத்தை விட்டு வளர வேண்டும் என்று வாதிட்டவருக்குக் குழந்தைகளுக்கான கதை பெரும்புகழ் தந்தது முரண்தான். எனினும் அக்கதையிலும் கைவிடப்படுதலின் துயர் உண்டு. அவர் கண்டித்தது குழந்தைகளுக்காக எழுதுவதை அல்ல. வளர்ந்தவர்களுக்கு எளிய ஆறுதலை மட்டும் அளிப்பதை. அந்த ஆறுதலைத் தர மறுத்த '334', 'கேம்ப் கான்சென்ட்ரேஷன்' ஆகியவை அவரது முதன்மைப் படைப்புகளாகக் கருதப்படுகின்றன.