ஹார்ட் டிஸ்க் பழுதானால் தரவுகள் என்னவாகும்? காப்பு நகலை எங்கே, எப்படி வைப்பது?

புது தில்லி: கணினியின் திரை உடைந்தாலும், விசைப்பலகை பழுதானாலும், மதர்போர்டு கருகினாலும் பணம் கொடுத்துப் புதியதை வாங்கிப் பொருத்திவிடலாம். சேமிப்பகம் பழுதானால் நிலைமை வேறு. புதிய ஹார்ட் டிஸ்க் கடையில் கிடைக்கும். பழையதில் இருந்த பத்தாண்டுப் புகைப்படங்களும், கடையின் வரவு செலவுக் கணக்குகளும், பாதி எழுதிய ஆய்வேடும் எங்கும் கிடைக்காது. 'பேக்கப்' எனப்படும் காப்பு நகலை எடுத்து வைத்தவர்களுக்கும் சில வேளைகளில் இதே கதி நேர்கிறது. அந்த நகல் எங்கே இருந்தது என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

தென் கொரியாவில் நிகழ்ந்தது இதற்கு அண்மைக்கால உதாரணம். 2025 செப்டம்பர் 26 அன்று, டேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் அயன் பேட்டரிகளை இடம் மாற்றும் பணியின்போது தீ விபத்து ஏற்பட்டது. 600-க்கும் மேற்பட்ட அரசுக் கணினிச் சேவைகள் முடங்கின. பல சேவைகள் படிப்படியாக மீட்கப்பட்டன. ஆனால், அரசு ஊழியர்கள் பணிக் கோப்புகளைச் சேமித்து வந்த 'ஜி-டிரைவ்' சேமிப்பகத்தில் இருந்த 858 டெராபைட் தரவுகள் அழிந்தன. அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியிடத்தில் காப்பு நகல் வைக்கப்படவில்லை என்று அதிகாரிகள் விளக்கம் அளித்தனர்.

பழுது எப்படி நேர்கிறது?

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டுகள் உள்ளன. அவற்றின் மேல், தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில், தரவுகளைப் படிக்கும் முனை மிதந்து செல்கிறது. ஒரு சிறு அதிர்ச்சியில் அந்த முனை தட்டில் உரசினாலே போதும். எனினும், ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் முன்னறிவிப்புக் கொடுக்கும். கோப்புகள் திறக்கத் தாமதமாகும். 'டிக் டிக்' என்ற ஒலி கேட்கும். அந்த ஒலி கேட்டவுடன் கணினியை அணைத்துவிடுவதே நல்லது. மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது, மீட்கக்கூடிய நிலையில் உள்ள பகுதியையும் சிதைத்துவிடும்.

இப்போதைய மடிக்கணினிகளில் பரவலாக உள்ள எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகத்தில் அசையும் பாகங்கள் இல்லை. வேகம் அதிகம், கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால், அது பழுதாகும்போது ஓசையின்றிப் பழுதாகிறது. நேற்று இரவு வரை இயங்கிய கணினி, இன்று காலை சேமிப்பகமே இல்லை என்று காட்டக்கூடும். அழித்த கோப்புகளை மீட்பதும் ஹார்ட் டிஸ்க்கைவிட இதில் கடினம். அழிக்கப்பட்ட இடத்தை உடனுக்குடன் துடைத்து, புதிய பதிவுக்குத் தயார் செய்யும் ஏற்பாடு இதில் உள்ளதே காரணம்.

அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம், தனது தரவு மையங்களில் இயங்கும் ஹார்ட் டிஸ்க்குகளின் பழுது விவரங்களை 2013 முதல் திரட்டி வெளியிட்டு வருகிறது. அதன்படி, ஆண்டுக்கு நூறில் ஒன்று அல்லது இரண்டு டிஸ்க்குகள் செயலிழக்கின்றன. கேட்பதற்குக் குறைவாகத் தோன்றலாம். ஆண்டுக்கு ஒன்றரை சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து ஆண்டுகளில் நூறில் ஏழு டிஸ்க்குகள் போய்விடும். அதுவும் குளிரூட்டப்பட்ட, சீரான மின்சாரம் உள்ள அறைகளில். சித்திரை வெயிலும், ஏறி இறங்கும் மின்னழுத்தமும் உள்ள நம் வீடுகளின் நிலை அதைவிட மேலானதாக இருக்க வாய்ப்பில்லை.

மதர்போர்டு அல்லது மின்சாரம் வழங்கும் பகுதி பழுதானால் தரவுகளுக்கு ஆபத்தில்லை என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் பொருத்திப் படித்துவிடலாம் என்பது முன்பு உண்மையாக இருந்தது. இன்று அதில் இரண்டு தடைகள் உள்ளன. சில மடிக்கணினிகளில் சேமிப்புச் சில்லுகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், அவற்றைத் தனியே கழற்ற இயலாது. இரண்டாவது, குறியாக்கம். விண்டோஸ் கணினிகளில் 'பிட்லாக்கர்' போன்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால், மதர்போர்டு மாறியவுடன் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கணினி கேட்கும். பல புதிய கணினிகளில் மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தவுடன் இக்குறியாக்கம் தானாகவே தொடங்கிவிடுவதால், அப்படியொன்று இருப்பதே உரிமையாளருக்குத் தெரிவதில்லை. அந்தக் குறியீடு மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். இன்றே அதைப் பார்த்து, தாளில் எழுதி வைப்பது பயன் தரும்.

நகல் போலத் தோன்றுபவை

இரண்டு டிஸ்க்குகளில் ஒரே தரவைப் பதியும் 'ரெய்டு' முறை பல அலுவலகங்களில் உள்ளது. ஒரு டிஸ்க் பழுதானாலும் பணி தடைபடாது என்பதே அதன் பயன். தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், இரண்டிலும் அதே கணத்தில் அழியும். ஆகவே, அதைக் காப்பு நகல் என்று கருத இயலாது. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றின் 'ஒத்திசைவு' வசதியும் ஏறக்குறைய இவ்வகையே. கணினியில் நேரும் மாற்றம் அப்படியே இணையச் சேமிப்பிலும் பிரதிபலிக்கும். அழித்த கோப்பு கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள்கள் இருக்கும். அதற்குள் கவனித்தால் உண்டு.

வெளிப்புற ஹார்ட் டிஸ்க் எளிய, செலவு குறைந்த வழி. ஆனால், அதை எப்போதும் கணினியிலேயே செருகி வைத்திருந்தால் பாதிப் பயன் போய்விடும். மின்னழுத்தம் திடீரென உயர்ந்தால் இரண்டும் சேர்ந்து கருகலாம். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் நுழைந்தால், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். நகல் எடுத்து முடிந்ததும் கழற்றி, வேறு அறையிலாவது வைக்க வேண்டும். உறவினர் வீடு இன்னும் நல்லது.

இணையச் சேமிப்பு, தீ, திருட்டு, வெள்ளம் ஆகியவற்றிலிருந்து காக்கும். அதற்கும் வரம்புகள் உண்டு. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்தை மின்னஞ்சலும் புகைப்படங்களும் கோப்புகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையையும் அந்நிறுவனம் நடைமுறைப்படுத்தி வருகிறது. 500 ஜிபி தரவை, விநாடிக்கு 40 மெகாபிட் வேகத்தில் தடையின்றி ஏற்றினாலும் சுமார் 28 மணி நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆகவே, ஒரே வழியை நம்பாமல் இரண்டையும் இணைப்பதே பொருத்தமானது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரவலாக்கிய '3-2-1' விதி சொல்வதும் இதுவே: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அவற்றில் ஒன்று வேறு இடத்தில். எண்களை மனப்பாடம் செய்வதைவிட, 'எந்த ஒரு விபத்து என் எல்லாப் பிரதிகளையும் ஒன்றாக அழிக்கும்?' என்று கேட்டுப் பார்ப்பது எளிது. பதில் கிடைத்தால், ஏற்பாடு போதாது என்று பொருள்.

எல்லாவற்றையும் நகலெடுக்கத் தேவையில்லை. திரைப்படங்கள், மென்பொருள்கள் போன்றவற்றை மீண்டும் பெறலாம். டிஜிலாக்கரில் துறைகள் நேரடியாக வழங்கும் ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் சான்றிதழ் போன்றவை சட்டப்படி அசலுக்கு இணையானவை. கணினி பழுதானாலும் அவை அங்கேயே இருக்கும். இவற்றைக் கழித்தால் எஞ்சுவது பெரும்பாலும் புகைப்படங்களும், சொந்தமாக எழுதியவையும், கணக்குகளுமே. கணக்குகளைப் பொறுத்தவரை நிறுவனங்களுக்குச் சட்டக் கட்டாயமும் உண்டு. 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட விதிகளின்படி, மின்னணு வடிவில் கணக்கேடுகளைப் பராமரிக்கும் நிறுவனங்கள், அவற்றின் நகலை இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் சேமிக்க வேண்டும். தனிநபர் நடத்தும் கடைகளுக்கு இவ்விதி பொருந்தாது. ஆயினும், கணக்குகள் ஒரே கணினியில் முடங்கியிருப்பது பெரும்பாலும் அத்தகைய கடைகளில்தான்.

எய்ம்ஸ் அனுபவம்

2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தரவுகள் பூட்டப்பட்டதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நோயாளிகள் பதிவு முதல் அனைத்தும் கையால் எழுதும் முறைக்குத் திரும்பின. தாக்குதலில் சிக்காத ஒரு பேக்கப் சர்வரில் இருந்து 'இ-ஹாஸ்பிடல்' தரவுகள் முழுமையாக மீட்கப்பட்டன. எனினும், பெரும்பாலான சேவைகள் சீரடைய இரண்டு வாரங்கள் பிடித்தன. நகல் பத்திரமாக இருந்தும் மீட்பதற்கு அத்தனை நாள்கள் தேவைப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது.

மீட்டுப் பார்க்காத நகலை நம்புவதில் உள்ள ஆபத்தை, மென்பொருள் சேவை நிறுவனமான கிட்லேப் 2017 ஜனவரி 31 அன்று உணர்ந்தது. பழுது நீக்கும் பணியில் இருந்த பொறியாளர் ஒருவர், தவறான சர்வரில் அழிப்புக் கட்டளையை இட்டதால் சுமார் 300 ஜிபி தரவு அழியத் தொடங்கியது. பல வகைக் காப்பு ஏற்பாடுகள் அங்கு இருந்தன. திறந்து பார்த்தபோது, நாள்தோறும் நகல் சேர வேண்டிய இடம் காலியாக இருந்தது. பதிப்புப் பொருத்தமின்மையால் நகலெடுப்பு நெடுநாளாகவே தோல்வியடைந்து வந்திருந்தது. அதைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் சென்று சேரவில்லை. வேறொரு பணிக்காகச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுக்கப்பட்ட பிரதியே நிறுவனத்தைக் காப்பாற்றியது.

வீட்டில் இதைச் சோதிக்க அரை மணி நேரம் போதும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, வெளிப்புற டிஸ்க்கில் இருந்து ஒரு பழைய புகைப்படத்தையும், இணையச் சேமிப்பில் இருந்து ஒரு கணக்குக் கோப்பையும் வேறொரு கணினியில் திறந்து பார்க்கலாம். கடவுச்சொல் நினைவில் உள்ளதா, ஓடிபி வரும் கைப்பேசி எண் இன்னும் பயன்பாட்டில் உள்ளதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.