சக்கரத்தையும் சுமையையும் தாங்கும் தண்டு

பின்சக்கரங்களால் உந்தப்படும் பிக்கப் வண்டியில், எஞ்சினில் பிறக்கும் ஆற்றல் சக்கரத்தை அடையுமுன் கடைசியாகக் கடந்து செல்லும் பாகம் பின் அச்சுத்தண்டு ஆகும். ஹவுசிங் எனப்படும் இரும்புக் கூட்டுக்குள் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு தண்டுகள் அமைந்திருக்கின்றன. தண்டின் உள்முனையில் நீளவாக்கில் வெட்டப்பட்ட பற்கள் உண்டு. ஸ்பிளைன் எனப்படும் இப்பற்கள், கூட்டின் நடுவே உள்ள டிஃபரன்ஷியலின் சன் கியருக்குள் பொருந்தி அங்கிருந்து சுழற்சியைப் பெறுகின்றன. வளைவுகளில் இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிசெய்யும் பற்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல்.

எஞ்சின் தரும் முறுக்குவிசை இத்தண்டை வந்தடையும்போது பன்மடங்காகப் பெருகியிருக்கும். 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் எஞ்சின் ஒன்றில் முதல் கியரின் விகிதம் 4 என்றும், டிஃபரன்ஷியலைச் சுழற்றும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலின் விகிதமும் 4 என்றும் கொண்டால், உராய்வு இழப்பை ஒதுக்கிவிட்டுப் பார்க்கும்போது பின் அச்சில் 4,000 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. ஒவ்வொரு தண்டும் அதில் பாதியைச் சுமக்கிறது. உருளைத் தண்டு ஒன்றை முறுக்கும்போது தகைவு மேற்பரப்பில் உச்சமாகவும் நடு மையத்தில் சுழியமாகவும் இருப்பதால், தண்டின் வலிமை அதன் விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. 30 மில்லிமீட்டர் தண்டை 33 மில்லிமீட்டராகப் பருக்கச் செய்தால் வலிமை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்வது இதனால்தான். மின்தூண்டல் முறையில் தண்டின் புறத்தோலை மட்டும் சூடேற்றி உடனே குளிர்வித்துக் கடினமாக்கி, உள்ளுடலை இளக்கமாகவே விட்டுவைக்கும் வழக்கத்துக்கும் இதுவே காரணம். கடினமான புறப்பரப்பு முறுக்கைத் தாங்க, இளகிய உள்ளுடல் அதிர்ச்சியை உள்வாங்குகிறது.

தண்டு முறுக்கை மட்டும் சுமக்கிறதா, வண்டியின் எடையையும் சேர்த்துச் சுமக்கிறதா என்பதே அதைக் கழற்றும் முறையைத் தீர்மானிக்கிறது. முழு மிதவை எனப்படும் அமைப்பில், சக்கரத்தின் ஹப் இரண்டு கூம்புருளை பேரிங்குகளின் மேல் ஹவுசிங் குழாயின் முனையிலேயே அமர்ந்திருக்கும். எடை குழாயின் மேல் இறங்க, தண்டு சுழற்சியை மட்டும் கடத்துகிறது. அரை மிதவை அமைப்பில் தண்டின் வெளிமுனையே விளிம்புத் தட்டாக விரிந்து சக்கரத்தைத் தாங்குவதால், வண்டியும் சரக்கும் அத்தண்டை வளைத்துக்கொண்டே இருக்கின்றன. கனரக லாரிகளின் பின்சக்கர நடுவில் வட்டமாகத் தெரியும் போல்ட் வரிசை முழு மிதவையின் அடையாளம். இலகு ரகப் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை அரை மிதவையைச் சேர்ந்தவை.

முழு மிதவையில் வேலை எளிது. நடுவட்டத்து போல்ட்டுகளைக் கழற்றினால், சக்கரம் தரையிலேயே நிற்க, தண்டு மட்டும் வெளியே வந்துவிடும். ஆனால் ஒரு தண்டு கூட்டை விட்டு வந்தவுடன் கியரில் நிறுத்திய வண்டியும் உருளக்கூடும் என்பதால், சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்காமல் ஒரு போல்ட்டையும் தொடக்கூடாது.

அரை மிதவையில் இரண்டு வகைகள் உண்டு. இவற்றைப் பிரித்தறியாமல் தொடங்குவோரே பெரிதும் இடர்ப்படுகின்றனர். டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் தண்டை அதன் வெளிமுனையிலுள்ள பேரிங்கே பிடித்து வைத்திருக்கிறது. பிரேக் டிரம்மை எடுத்து, பிரேக் குழாயையும் கைப்பிரேக் கம்பியையும் விடுவித்து, பிரேக்கைத் தாங்கும் பின்தட்டை ஹவுசிங்கோடு இணைக்கும் நான்கு நட்டுகளைக் கழற்றினால், தண்டும் பேரிங்கும் பின்தட்டும் ஒன்றாகவே வெளிவரும். டிஃபரன்ஷியலைத் திறக்க வேண்டியதில்லை. எனினும் பேரிங்கையும் அதை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தையும் தண்டின் மேல் பெரும் அழுத்தத்தில் ஏற்றியிருப்பார்கள். பழைய வளையத்தை அரைத்துப் பிளந்து, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்துப் புதிய பேரிங்கை ஏற்ற வேண்டுமேயன்றி, சுத்தியலால் அடித்து ஏற்றக்கூடாது. அடியின் தாக்கம் உருளைகளின் வழியே பாய்ந்து, அவை ஓடும் பாதையில் கண்ணுக்குப் புலப்படாத பள்ளங்களை உண்டாக்கிவிடும்.

அமெரிக்க வண்டிகளில் பரவலான மற்றொரு வகை, தண்டை அதன் உள்முனையில் பிடித்து வைக்கிறது. ஃபோர்டு எஃப்-150 வண்டியில் நெடுங்காலம் பயன்பட்ட 8.8 அங்குல அச்சும், ஷெவ்ரலே பிக்கப்களின் 10 போல்ட், 12 போல்ட் அச்சுகளும் இவ்வகையின. அங்குல அளவு கிரவுன் வீலின் விட்டத்தையும், போல்ட் எண்ணிக்கை ஹவுசிங்கின் மூடியில் உள்ள போல்ட்டுகளையும் குறிக்கும். இவற்றில் தண்டின் உள்முனையருகே ஒரு காடி வெட்டப்பட்டு, அதில் சி-கிளிப் என்னும் பிளவு வளையம் பொருந்தியிருக்கும். அவ்வளையம் சன் கியரின் குழிவுக்குள் அடங்கியிருப்பதால் தண்டு வெளியே நழுவாது; டிஃபரன்ஷியலின் சிறு பற்சக்கரங்களான ஸ்டார் பினியன்களைத் தாங்கும் குறுக்குத் தண்டு இரு அச்சுத்தண்டுகளின் முனைகளுக்கும் இடையே நிற்பதால் தண்டு உள்ளேயும் நகராது. எனவே எண்ணெயை வடித்து, மூடியைத் திறந்து, குறுக்குத் தண்டின் பூட்டு போல்ட்டை எடுத்து, குறுக்குத் தண்டை உருவிய பிறகு அச்சுத்தண்டைச் சற்றே உட்புறம் தள்ளினால் வளையம் விழுந்துவிடும். அப்போதுதான் தண்டை வெளியே இழுக்க முடியும். குறுக்குத் தண்டு வெளியே இருக்கும் நேரத்தில் அச்சைச் சுழற்றினால் ஸ்டார் பினியன்கள் இடம்பெயர்ந்து விழும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மெல்லிய அந்தப் பூட்டு போல்ட் கழற்றும்போதே முறிவதும் உண்டாதலால், பழையதை மீண்டும் இடாமல், புரிகளில் பூட்டுப்பசை தடவிப் புதியதையே இட வேண்டும்.

இவ்வகையின் பலவீனம் வெளிப்படையானது. தண்டு எங்கே முறிந்தாலும், வளையத்தோடு உள்ள துண்டு உள்ளே தங்கிவிட, சக்கரத்தோடு உள்ள துண்டு வெளியே வழுகிச் செல்ல வழி பிறக்கிறது. மேலும், இவற்றின் பேரிங் உருளைகள் தனி உள்வளையமின்றித் தண்டின் மேற்பரப்பிலேயே நேரடியாக ஓடுவதால், அங்கே குழிகளோ பள்ளமோ தென்பட்டால் பேரிங்கை மட்டும் மாற்றுவது வீண்செலவு. தண்டையும் சேர்த்தே மாற்றியாக வேண்டும்.

தண்டு திடீரென முறிந்தது என்று கூறப்படும் பல நிகழ்வுகளில் முறிவு நெடுங்காலத்துக்கு முன்பே தொடங்கியிருக்கும். 1842 மே 8 அன்று வெர்சேய் - பாரிஸ் ரயில் பாதையில் எஞ்சினின் அச்சு முறிந்து, கடலோடி டியூமோன் தூர்வில் உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதற்குப் பின்னரே இச்சிக்கல் அறிஞர்களின் பரவலான கவனத்தைப் பெற்றது. பின்னர் பிரஷ்ய ரயில்வேயின் பொறியாளர் ஆகஸ்ட் வோலர், சுழலும் தண்டுகளைத் தொடர்ந்து வளைத்துச் சோதிக்கும் கருவிகளை அமைத்து, ஒரே முறை ஏற்றினால் எளிதில் தாங்கக்கூடிய சுமையும் திரும்பத் திரும்ப ஏற்றப்படும்போது உலோகத்தை முறிக்கும் என்பதை நிறுவினார். இதுவே உலோகச் சோர்வு. அரை மிதவைத் தண்டின் ஒரு பக்கம் மேலே இருக்கையில் அழுத்தத்துக்கும் கீழே செல்கையில் இழுவைக்கும் உள்ளாவதால், ஒவ்வொரு சுற்றும் ஒரு முழு வளைவுச் சுழற்சியாகிறது. 2.2 மீட்டர் சுற்றளவுள்ள டயர் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும்போது அத்தகைய சுழற்சிகள் நான்கரைக் கோடியைத் தொடுகின்றன. நிர்ணயித்த அளவுக்கு மேல் சரக்கேற்றும் வண்டியில் இக்கணக்கின் ஒவ்வொரு சுற்றும் தண்டின் ஆயுளைத் தின்கிறது.

ஆகவே முறிந்த தண்டைப் பழைய இரும்புக் குவியலில் எறியுமுன் அதன் முகத்தைப் படிப்பது அவசியம். ஓரத்தில் ஒரு புள்ளியிலிருந்து அலை வரிகளாகப் பரவிய வழவழப்பான பகுதியும் எஞ்சிய இடத்தில் சொரசொரப்பும் காணப்பட்டால் அது சோர்வு முறிவு. முறுக்கி உடைத்த சுண்ணக்கட்டி போலச் சாய்ந்த சுருள் வடிவில் பிளந்திருந்தால், கடினப்பட்ட உலோகம் பெருமுறுக்கில் நொறுங்கியது என்று கொள்ளலாம். ஸ்பிளைன் பற்கள் திருகிப்போயிருந்தால் முறிவுக்கு முன்பே தண்டு தன் எல்லையைக் கடந்துவிட்டது. காரணத்தை அறியாமல் இடப்படும் புதிய தண்டும் அதே காரணத்தால் முறியும்.

புதிய தண்டு வாங்கும்போது ஸ்பிளைன் பற்களின் எண்ணிக்கை, நீளம், விளிம்புத் தட்டின் துளைகள் ஆகிய மூன்றையும் பழையதோடு ஒப்பிட வேண்டும். பல வண்டிகளில் இடத்தண்டும் வலத்தண்டும் ஒரே நீளமுடையவை அல்ல. ஹவுசிங்கினுள் சிதறிய இரும்புத் துணுக்குகளை முற்றாக அகற்றி, ஆயில் சீலைப் புதிதாக மாற்றி, தண்டைச் செருகும்போது ஸ்பிளைன் பற்கள் சீலின் ரப்பர் உதட்டைக் கீறாதபடி கையால் தாங்கிச் செலுத்த வேண்டும். ஹவுசிங்கின் மேலுள்ள சிறிய பிரீதர் துளையையும் பார்க்காமல் விடக்கூடாது. ஓட்டத்தில் சூடாகி விரியும் காற்று வெளியேறும் அத்துளை சேற்றால் அடைபட்டால், உள்ளே அழுத்தம் ஏறி, புதிய சீலின் வழியாகவும் எண்ணெய் கசியும். இச்சிறு துளையைத் துப்புரவாக்காமல் சீலை மட்டும் மீண்டும் மீண்டும் மாற்றுவது வேலையும் அன்று, சிக்கனமும் அன்று.

வேலை முடிந்து சில நாள் ஓடியபின் பின்சக்கரத்தின் உட்புறத்தில் ஈரம் தெரிகிறதா என்று வண்டி உரிமையாளர்கள் அவசியம் பார்க்க வேண்டும். கசியும் கியர் எண்ணெய் நேரே பிரேக்கில்தான் போய்ச் சேரும். எண்ணெய் ஊறிய பிரேக் லைனரைக் கழுவித் திரும்பப் பூட்டாமல், இரு பக்கத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.