500 டாலரும் 3,300 டாலரும்: இரண்டு கேமராக்களின் கணக்கு

கேமரா வாங்க வருகிறவர் கடையில் முதலில் கேட்பது மெகாபிக்சல். அடுத்துக் கேட்பது விலை. படத்தின் தரத்தைத் தீர்மானிக்கும் எண்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் வெளியே இருக்கின்றன. அவற்றை ஒருமுறை உட்கார்ந்து பெருக்கி வகுத்துப் பார்த்தால், பலர் தவறான பொருளுக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்று தெரியும். அதற்காகவே இந்தக் கணக்கு.

எடுத்துக்கொண்டவை இரண்டும் நிக்கான் டிஎஸ்எல்ஆர். ஒன்று 2018 ஆகஸ்ட் இறுதியில் அறிவிக்கப்பட்ட டி3500. 18-55 கிட் லென்ஸோடு அமெரிக்காவில் அறிமுக விலை 499.95 டாலர். மற்றது அதற்கு ஓராண்டு முன்பு, 2017 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட டி850. லென்ஸ் இல்லாமல் பாடி மட்டும் 3,299.95 டாலர். விலை 6.6 மடங்கு. இரண்டிலும் இருப்பது 1959 முதல் வரும் எஃப் மவுன்ட்தான் என்பதால் ஒப்பிட வசதி. இந்தக் கட்டுரையில் வரும் விலைகள் எல்லாமே அமெரிக்க அறிமுக விலைகள்.

மெகாபிக்சலை முதலில் முடித்துவிடலாம். டி3500 தரும் படம் 6000 × 4000, அதாவது 2 கோடியே 40 லட்சம் பிக்சல். டி850 தருவது 8256 × 5504, சுமார் 4 கோடியே 54 லட்சம். கிட்டத்தட்ட 1.9 மடங்கு என்று விளம்பரத்தில் போடலாம். ஆனால் பிக்சல் நீளத்திலும் அகலத்திலும் பகிர்ந்துகொள்ளப்படுவதால், ஒரு பக்கத்தில் கூடுவது 38 சதவீதம்தான். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சிட்டால் டி3500 படம் 20 × 13.3 அங்குலம் வரும். டி850 படம் 27.5 × 18.3 அங்குலம். திருமண ஆல்பத்தின் 12 × 18 பக்கத்துக்கு 5400 × 3600 பிக்சல் போதும். 500 டாலர் கேமரா அதைத் தாண்டியே தருகிறது.

பறவை எடுப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. டி850-ஐ டிஎக்ஸ் அளவுக்கு, அதாவது டி3500-இன் சிறிய சென்சார் அளவுக்கு, வெட்டிப் பயன்படுத்தினால் கிடைப்பது 5408 × 3600, சுமார் 1 கோடியே 95 லட்சம் பிக்சல். ஒரே டெலி லென்ஸ், ஒரே தொலைவு, ஒரே மீன்கொத்தி என்றால், மலிவான டி3500 அந்தப் பறவையின் மேல் அதிகப் பிக்சல்களை வைக்கிறது. அதன் ஒரு பிக்சலின் அகலம் 3.92 மைக்ரான், டி850-இல் 4.35. பறக்கும் பறவையை ஃபோகஸில் பிடிப்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி ஒளி. டி3500 சென்சார் 23.5 × 15.6 மி.மீ.; பரப்பு 366.6 சதுர மி.மீ. டி850-இன் ஃபுல் ஃபிரேம் சென்சார் 35.9 × 23.9 மி.மீ.; பரப்பு 858. ஆக 2.34 மடங்கு. ஒரே எஃப் எண், ஒரே ஷட்டர் வேகம் என்றால் பெரிய சென்சார் மொத்தமாக 2.34 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. மங்கிய இடத்தில் படம் சொரசொரப்பாகாமல் இருப்பதற்கு இந்த மொத்த ஒளிதான் முக்கியக் காரணம்.

ஒளியைச் சேர்ப்பதில் சென்சாருக்குப் பாதிப் பங்குதான், மீதி லென்ஸுடையது. சென்சார் பரப்பை எஃப் எண்ணின் வர்க்கத்தால் வகுத்தால், ஒரு கேமராவும் லென்ஸும் சேர்ந்து எவ்வளவு ஒளி சேர்க்கும் என்பதற்கு ஒப்பிடத்தக்க ஓர் எண் கிடைக்கும். நான்கு ஜோடிகளுக்கு அந்த எண்ணைப் போட்டேன்:

டி3500 + கிட் லென்ஸ், 55 மி.மீ. முனையில் எஃப் 5.6: 499.95 டாலர், ஒளி 11.7
டி850 + 24-120 எஃப் 4: 4,599.90 டாலர், ஒளி 53.6
டி850 + 24-70 எஃப் 2.8 விஆர்: 5,699.90 டாலர், ஒளி 109.4
டி3500 + கிட்டோடு கூடுதலாக 35 மி.மீ. எஃப் 1.8: 699.90 டாலர், ஒளி 113.1

நான்காவது வரியை மறுபடி படியுங்கள். 200 டாலர் பிரைம் லென்ஸ் ஒன்றைச் சேர்த்ததும், 700 டாலர் ஜோடி 5,700 டாலர் ஜோடியோடு ஒளியில் சமமாக நிற்கிறது. எஃப் 4 ஜூம் போட்ட டி850-ஐ விட இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம். பின்னணி மங்குவதும் இதே விகிதத்தில்தான், எஃப் 1.8-இல் டிஎக்ஸ் தரும் மங்கல், ஃபுல் ஃபிரேமில் எஃப் 2.8 அருகே தருவதற்கு ஈடு.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு டி850 வீண் செலவு என்று சொல்லிவிடக் கூடாது. அந்த 35 மி.மீ. லென்ஸில் ஜூம் கிடையாது, கை நடுக்கத்தைக் குறைக்கும் விஆர் கிடையாது. டி850-க்கும் 220 டாலருக்கு 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கிப் போட்டால் அதன் எண் 265 ஆகிவிடும். சமமான லென்ஸைப் போட்டால் 2.34 மடங்கு எப்போதும் அதன் பக்கம்தான். ஆனால் செலவு எந்த வரிசையில் போக வேண்டும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. கிட்டுக்கு மேல் முதலில் செலவிட்ட 200 டாலர் 101 புள்ளி ஒளியைக் கூட்டியது. அதற்கு மேல் 2,820 டாலர் போட்டால் கூடுவது 152. தொடக்கக்காரரிடம் கிட் லென்ஸையே மாட்டிக்கொண்டு பாடியை மட்டும் உயர்த்திக்கொள்ளச் சொல்கிறவர், அவருக்கு நல்லது செய்யவில்லை.

பாடியின் மதிப்பு ஒளியில் தெளிவாகத் தெரிகிற இடம் ஒன்று உண்டு: முக்காலியில் வைத்து எடுக்கும் நிலக்காட்சி. டி850-இன் அடிப்படை ஐஎஸ்ஓ 64, டி3500-க்கு 100. வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லாத இடத்தில் சென்சார் நிரம்பும்வரை ஒளி கொடுக்கலாம் என்றால், பரப்பால் 2.34, ஐஎஸ்ஓவால் 1.56, பெருக்கினால் 3.66 மடங்கு ஒளி. ஒளியின் இயல்பான இரைச்சல் அதன் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், தூய்மை சுமார் 1.9 மடங்கு கூடும். நிழலுக்குள் இருக்கும் பாறையைக் கணினியில் வெளிச்சப்படுத்தும்போது இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். இதை எந்த மலிவு லென்ஸும் ஈடுகட்டாது.

ஆனால் 6.6 மடங்கு விலையின் பெரும்பகுதி ஒளிக்காகக் கொடுக்கப்படுவதில்லை. ஃபோகஸுக்காகவும் நம்பகத்துக்காகவும் கொடுக்கப்படுகிறது. டி3500-இல் ஃபோகஸ் புள்ளிகள் 11. அவற்றில் நெடுக்கும் குறுக்குமாக இரு திசைக் கோடுகளையும் உணரும் புள்ளி நடுவில் உள்ள ஒன்றே ஒன்று. டி850-இல் 153 புள்ளிகள்; அத்தகைய இருதிசைப் புள்ளிகள் மட்டும் 99. (நாம் விரலால் தேர்ந்தெடுக்க முடிவது 55தான்; மற்றவை அசைவைத் தொடர உதவுகின்றன.) டி3500 ஃபோகஸ் செய்யக்கூடிய குறைந்த வெளிச்சம், படிக்குப் படி இரட்டிக்கும் இவி அளவில், −1 இவி. டி850-இன் நடுப்புள்ளி −4 இவி வரை இறங்கும். மூன்று படி என்றால் எட்டில் ஒரு பங்கு வெளிச்சம். மேலே 700 டாலர் ஜோடி ஒளியில் வென்றதல்லவா, அதற்கு இங்கே பதில் இருக்கிறது. குத்துவிளக்கு வெளிச்சத்தில் 113 புள்ளி ஒளி சேர்ந்து என்ன பயன், ஃபோகஸ் கண்ணில் விழாமல் காதில் விழுந்தால்? வெளிச்சத்தை அளக்கும் சென்சாரிலும் இதே இடைவெளி: ஒன்றில் 420 பிக்சல், மற்றதில் சுமார் 1,80,000.

வியூஃபைண்டரைப் பற்றிக் கடைகளில் யாரும் பேசுவதில்லை. எனக்கு அது முதல் மூன்று காரணங்களில் ஒன்று. டி3500 ஃபிரேமின் 95 சதவீதத்தைக் காட்டும் என்பார்கள். அது நீளத்துக்கும் அகலத்துக்கும் தனித்தனியே 95, பரப்பில் 90.25 சதவீதம்தான். படத்தின் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை நீங்கள் பார்க்காமலே எடுக்கிறீர்கள். டி850 முழுவதையும் காட்டுகிறது. இதோடு உருப்பெருக்கத்தையும் சென்சார் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டால், கண்ணுக்குத் தெரியும் காட்சியின் பரப்பு டி850-இல் சுமார் இரண்டு மடங்கு. கண்ணாடித் தகடுகளுக்குப் பதில் முழுப் பட்டகம் இருப்பதால் வெளிச்சமும் அதிகம். நாள் முழுக்கக் கண்ணை வைத்துப் பார்ப்பவருக்கு இதன் அருமை தெரியும்.

மற்றவற்றில் இடைவெளி சிறியது. ஷட்டர் உச்ச வேகம் 1/4000-க்கு எதிராக 1/8000. ஃப்ளாஷ் ஒத்திசைவு 1/200-க்கு எதிராக 1/250. தொடர் வேகம் நொடிக்கு 5-க்கு எதிராக 7. டி850-ஐ 9 ஆக்கலாம். அதற்குச் சுமார் 400 டாலர் விலையுள்ள கிரிப், பெரிய பேட்டரி, அதற்கென்று தனிச் சார்ஜர் எல்லாம் வாங்க வேண்டும். இரண்டு படத்துக்கு அது அதிகம் என்பது என் கருத்து.

எடை, விலைச்சீட்டில் வராத செலவு. பேட்டரி, கார்டோடு டி3500 415 கிராம், கிட் லென்ஸ் 205, மொத்தம் 620. டி850 1,005 கிராம். 24-70 எஃப் 2.8 விஆர் லென்ஸ் 1,070. மொத்தம் 2,075 கிராம். மலையேறுபவர் இந்த ஒன்றரைக் கிலோவைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

சேமிப்புச் செலவும் அப்படித்தான். டி3500-இன் ரா கோப்பு 12 பிட், சுருக்கியபின் 20 முதல் 25 எம்.பி. டி850-இன் 14 பிட் ரா கோப்பு இழப்பின்றிச் சுருக்கியபின் சுமார் 50 எம்.பி. ஒரு திருமணத்தில் 3,000 படம் எடுத்தால் முதலாவதில் 75 ஜி.பி.க்குள் அடங்கும், இரண்டாவதில் 150. நகல் ஒன்று வைத்தால் 300. ஆண்டுக்கு 30 திருமணம் எடுப்பவருக்கு 9 டி.பி. வட்டு, அதைத் திறந்து திருத்த வேகமான கணினி, எல்லாம் இந்தப் பேரேட்டில் சேர வேண்டியவை.

பேட்டரி எண்ணில் ஒரு நுணுக்கம். ஒரு சார்ஜுக்கு டி3500 1,550 படம், டி850 1,840 படம். பெரியது வென்றதாகத் தோன்றும். டி3500-இன் சோதனையில் ஒரு படம் விட்டு ஒரு படம் அதன் ஃப்ளாஷும் எரிகிறது. டி850-இல் உள்ளமைந்த ஃப்ளாஷே கிடையாது. பேட்டரியின் கொள்ளளவும் முதலாவதில் 1,230 எம்ஏஎச், இரண்டாவதில் 1,900. சிக்கனத்தில் சிறியதுதான் முந்தி நிற்கிறது.

டி3500-இல் என்னை வருத்துவது வேறு. ஒரே காட்சியை மூன்று வெளிச்ச அளவில் தானாக எடுக்கும் பிராக்கெட்டிங் அதில் இல்லை. அது பெரும்பாலும் மென்பொருள் வேலை; கற்றுக்கொள்பவருக்கு மிக உதவும். மைக் இணைப்பு இல்லை. சென்சார் தூசியை உதறும் வசதி இல்லை. பழைய ஏஎஃப் வகை லென்ஸ்களை இயக்கும் மோட்டார் பாடியில் இல்லாததால் அவற்றில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். செகண்ட் ஹேண்ட் சந்தையின் மலிவான நல்ல லென்ஸ்கள் பல இதனால் கைக்கு எட்டாமல் போகின்றன.

கூலி வாங்கிக்கொண்டு படம் எடுப்பவருக்கு நான் முதலில் சுட்டிக்காட்டுவது கார்டு. டி3500-இல் ஒரு கார்டு இடம். டி850-இல் இரண்டு: ஒன்று எக்ஸ்க்யூடி, மற்றது எஸ்டி. ஒவ்வொரு படமும் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி அமைக்கலாம். தாலி கட்டும் நொடி திரும்ப வராது. ஒரு கார்டு பழுதானால் அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது? படத்தின் தரத்தை விட இந்த ஒன்றுக்காகவே தொழில் செய்பவர் மேல்நிலை பாடிக்குப் போகலாம். டி850-இன் ஷட்டர் 2 லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. விலையை அதனால் வகுத்தால் ஒரு கிளிக்குக்கு 1.65 சென்ட். 3,000 படம் வீதம் 66 திருமணம்.

இப்போது வாங்குவதென்றால் பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட்தான். உலக அளவில் 2012-இல் சுமார் 1 கோடியே 62 லட்சம் டிஎஸ்எல்ஆர்கள் அனுப்பப்பட்டன. 2020-இல் அது 24 லட்சத்துக்குக் கீழே இறங்கியது. மிரர்லெஸ் அந்த ஆண்டில்தான் முதன்முறையாக முந்தியது. 2022-இல் டி3500 நிறுத்தப்பட்ட பொருள்களின் பட்டியலுக்குப் போனது. விலை சரிந்திருப்பதால் இரண்டுக்குமான இடைவெளியும் சுருங்கியிருக்கிறது. டி850 பார்க்கப் போனால் அதே இடத்தில் ஒரு படம் எடுத்து, கோப்பின் உள்விவரத்தில் ஷட்டர் எண்ணிக்கையைப் பாருங்கள். 60,000 என்றால் 30 சதவீதம் ஓடியிருக்கிறது. 1,60,000 என்றால் மீதி 40,000-க்குத்தான் விலை பேச வேண்டும். கையில் இருப்பது 700 டாலர் அளவுதான் என்றால் டி3500-ஐயும் அந்த 35 மி.மீ. லென்ஸையும் தேடுங்கள், அதில் எடுக்க முடியாத படம் எது என்று உங்களுக்கே தெரியவரும்போது அடுத்த பாடிக்குப் பணம் சேர்க்கலாம்.