உஷார்! ஒரு லட்சத்துக்குக் கிடைக்கிறதா பழைய ‘ராக்கெட்’?

ஜரிகையை உரசிப் பார்க்காமல் சேலைக்கு விலை பேசாத ஊர் இது. அந்தக் காஞ்சிபுரத்துப் பிள்ளையே சைலன்ஸர் சத்தத்தில் மயங்கி, பழைய ஃபோர்டு ஐகானுக்கு அட்வான்ஸ் நீட்டினால் பதறாமல் என்ன செய்வது?

ஆசை நியாயமானதுதான். 1999-ல் மறைமலை நகர் ஆலையிலிருந்து, அதாவது அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்தே, புறப்பட்ட வண்டி. 1.6 பெட்ரோல் இன்ஜினுக்கு 90 குதிரைத்திறனுக்கு மேல். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கை எட்டிப் பார்த்தவருக்குக் கால் சும்மா இருக்குமா? விலையும் ஒரு லட்சத்தை ஒட்டித்தான் சொல்வார்கள். ஆனால் அந்த லட்சம் முதல் தவணை. மிச்சத் தவணைகளைப் புரோக்கர் சொல்ல மாட்டார்.

முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸ். சொந்தக் காரின் ஆர்.சி. 15 வருடம்தான் செல்லும். பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. “வின்டேஜ்னு பதிஞ்சிடலாம் சார்” என்பார்கள், நம்பாதீர்கள்! அதற்கு வண்டிக்கு 50 வயதாகியிருக்க வேண்டும், உருமாறாமலும் இருக்க வேண்டும். பதிந்தாலும் கண்காட்சி, ராலி என்று போகலாமே தவிர, தினமும் காந்தி ரோட்டில் ஓட்ட முடியாது.

அடுத்தது பாகங்கள். ஐகான் நின்று பல வருடமாகிறது. ஃபோர்டும் 2022-ல் மறைமலை நகரில் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. கம்பெனி பாகம் கிடைக்காதபோது பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குத்தான் ஓட வேண்டும். அங்கே கைக்கு வருவது பெரும்பாலும் இன்னொரு கிழட்டு ஐகானிலிருந்து கழற்றியது! ரேடியேட்டர் ஹோஸும் ஃபேன் மோட்டாரும் எப்போது கைவிடும் தெரியுமா? கருட சேவைக் கூட்டத்தில் ஃபர்ஸ்ட் கியரில் ஊர்ந்து கொண்டிருக்கும்போதுதான். இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் பைப்புக்கும் கேஸ்கட்டுக்கும் அது ஆகாது. ஆக்டேவியா ஆர்.எஸ். மாதிரி டர்போ வண்டி என்றால் இன்னும் பயம். டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வு வளையும், ஹெட்டை இறக்க வேண்டும். பில் வண்டி விலையைத் தொட்டாலும் ஆச்சரியமில்லை.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதித் தொகையைத் தேய்மானம் என்று கழிப்பார்கள். பத்து வருடம் தாண்டிய வண்டியில் இரும்புப் பாகங்களுக்கும் பாதிதான். தேய்மானம் கழிக்காத பாலிசி இந்த வயது வண்டிக்குக் கிடைப்பது அரிது.

பெட்ரோலையும் கணக்குப் பாருங்கள். ஊருக்குள் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் என்றால், மாதம் 500 கிலோமீட்டருக்கே ஐயாயிரத்துக்கு மேல்.

எனக்கு மிகவும் பயம் ‘மாடிஃபை’ செய்த வண்டிகள். வேறு இன்ஜின், அகல டயர், அலறும் சைலன்ஸர். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டுமே. ரோட்டில் பிடித்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் இன்றைய ஓனர்!

அதனால் அட்வான்ஸுக்கு முன் பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். கடன் பாக்கி, சலான் பாக்கியைப் பரிவாஹன் தளத்தில் தேடுங்கள். “முதல்ல கோயில்ல பூஜை போட்டு வண்டிய எடுத்துட்டுப் போங்க தம்பி, பேப்பர் அப்புறம் தரேன்” என்றால் சாவியை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.